ஆடியில் வாங்கிய சோபா

“கையை எடுங்க சார்... இதை நான் முதல்லயே பார்த்தாச்சு.”

முத்துவடிவு இப்படிச் சொன்னபோது அவளுடைய வலது கை சோபாவின் ஒரு பக்கத்துக் கைப்பிடியைப் பற்றியிருந்தது. மறுபக்கத்துக் கைப்பிடியில் இன்னொரு கை. சாரலில் நனைந்த ஆண்பிள்ளைக் கை. அந்தக் கையைத் தொடர்ந்து பார்வையை மெல்ல உயர்த்தினாள்... மடித்துவிட்ட சட்டை... ஈரக் காலர்... அப்புறம் அந்தக் கண்கள்.

அடேயப்பா, அவை சும்மா பார்க்கிற கண்களா? சிரிப்பை உள்ளே பூட்டிவிட்டுச் சாவியைத் தொலைத்த கண்கள். நன்றாக நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்றுதான் முத்துவடிவுக்குத் தோன்றியது. அந்த நாலில் ஒன்றுகூடத் தொண்டைக்கு வரவில்லை.

“நீங்க பார்த்ததோட சரி. நான் உக்காந்தே பார்த்தாச்சு” என்றான் அவன்.

திமிரைப் பாருங்களேன்...

தென்காசி பஜாரில் முகம்மது மீரானின் பர்னிச்சர் கடை அது. எண்பத்து மூன்றாம் வருஷத்து ஆடி மாதம். வெளியே சாரல் பொழிந்துகொண்டிருந்தது. குற்றாலத்து மலையை மேகம் மூடிவிட்டது. அருவிக்குப் போகிற பஸ்கள் எல்லாம் எண்ணெய்த் தலையும் தோளில் துண்டுமாகப் பிதுங்கிக்கொண்டு ஓடின. கடைக்குள் மட்டும் ஈ காக்கை இல்லை. ஆடியில் யார் கட்டில் வாங்குவார்கள்? கல்யாணம் கிடையாது, சீர்வரிசை கிடையாது. வைகாசியில் சேர்த்து வைத்த ஜோடியைக்கூட, ஆடி பிறந்ததும் பிரித்துப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொள்கிற ஊர். அதனால்தான் மீரான் பாய் இந்த மாதம் மட்டும் பாதி விலை போட்டிருந்தார். அந்தப் பாதி விலையை நம்பித்தான் முத்துவடிவும் வந்தாள்.

அவளுக்கு இது வெறும் சோபா இல்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை அவளுக்கு. மேலகரத்தில் புதிதாகக் கட்டிய மாடிக் கட்டடத்தில் ஒரு ஃபிளாட். ஃபிளாட் என்று பெயர்தானே தவிர, ஒரே ஓர் அறையும் ஓர் அடுப்படியும்தான். கையை நீட்டினால் ஜன்னல், காலை நீட்டினால் வாசல்படி. வடகரையில் இருக்கிற அவள் அப்பா சிவனணைந்தபெருமாள் போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மகளைத் தனியாகக் குடிவைக்க அரை மனசோடுதான் சம்மதித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை நேரில் வருவார். நாலு பேர் வந்தால் உட்கார வைக்கிற வீடாக இருந்தால் அவள் இருக்கலாம். பாயும் டிரங்குப் பெட்டியுமாகச் சத்திரம் மாதிரிக் கிடந்தால், வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு அவரோடு வடகரை பஸ் ஏற வேண்டியதுதான். ஏட்டையா சொன்னால் சொன்னதுதான். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை.

அதற்குத்தான் இந்த சோபா. பகலில் சோபா, ராத்திரியில் கட்டில். இருக்கையை முன்னால் இழுத்தால் சாய்மானம் தானாகப் படுத்துக்கொள்ளும். கருஞ்சிவப்பு ரெக்ஸின், ஒல்லியான ஸ்டீல் கால்கள்... பத்திரிகையில் பார்த்துப் பார்த்து ஏங்கிய அதே சோபா, அவளுடைய சம்பளத்துக்கு எட்டுகிற விலையில். கடையில் இருந்ததும் ஒன்றே ஒன்றுதான்.

“மொதல்ல இது உங்க வீட்டுக்குள்ள நுழையுமா?” என்று அவன் கேட்டான்.

முத்துவடிவு சேலையை ஒதுக்கிக்கொண்டு குனிந்து, முழங்கையை ஒரு முனையில் ஊன்றி முழம் போட ஆரம்பித்துவிட்டாள். அவள் வீட்டுச் சுவரை நேற்று ராத்திரி இப்படித்தான் அளந்து வைத்திருந்தாள். அவன் சும்மா இருப்பானா? மறு முனையிலிருந்து அவனும் முழம் போட்டுக்கொண்டு வந்தான். நடுவில் இரண்டு பேர் விரல்களும் முட்டிக்கொண்டன... முத்துவடிவு சடாரென்று கையை இழுத்துக்கொண்டாள். எத்தனை முழம் போட்டோம் என்ற கணக்கு அந்த நிமிஷமே காற்றில் போய்விட்டது.

“உங்க முழம் பெரிசு. என் வீடு என் முழத்துல அளந்த வீடு” என்றாள், அவனைப் பார்க்காமலே.

“அப்ப உங்க வீட்டுக்கு எது வாங்கினாலும் இந்தக் கைதான் வந்து அளக்கணும்... பாவம் கை.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. ஒருதரம் சிரித்துவிட்டால் அப்புறம் எங்கே சண்டை போடுவது? பேச்சுதான் வந்தது. அவன் பெயர் ஆவுடையப்பன். புளியங்குடியில் எலுமிச்சங்காய் கமிஷன் கடைக்காரர் மகன். இலஞ்சி அரசு மாட்டாஸ்பத்திரியில் டாக்டர். அவனுக்கும் மாடியில் ஒற்றை அறைதான். சீசன் வந்தால் போதும், சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அருவியில் குளிக்க வந்து அவன் கட்டிலைப் பிடித்துக்கொள்கிறார்களாம். டாக்டருக்குத் தரைதான் கதி. அவளும் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள்... ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொன்னாள்... சொல்லும்போது குரல் கொஞ்சம் கம்மிவிட்டது.

ஆவுடையப்பன் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தான்.

“எடுத்துக்கோங்க. போலீஸ் கேஸுல எல்லாம் நான் மாட்ட முடியாது” என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் அந்தக் கண்கள் விளையாடவில்லை.

அதற்குப் பதிலாக அவன் ஒரு மடக்கு மேசையை எடுத்துக்கொண்டான். சுவரோடு ஒட்டிக் கிடக்கும், இழுத்து விரித்தால் சாப்பாட்டு மேசை. அதன் வயிற்றுக்குள்ளேயே இரண்டு நாற்காலிகள் மடங்கி ஒளிந்திருந்தன. அதை விரிப்பதும் மடக்குவதும், மறுபடி விரிப்பதுமாக அவன் கடையின் மூலையில் நின்று பண்ணிய கூத்து இருக்கிறதே... பொம்மை கிடைத்த பிள்ளை தோற்றது. முத்துவடிவு கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீரான் பாயும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், ஆரம்பத்திலிருந்தே. ஆடி மாதம்... இளசுகள் இரண்டு... கட்டிலுக்காகக் கிசுகிசுவென்று சண்டை, அப்புறம் சமாதானம், அப்புறம் சிரிப்பு. அவருக்கு வேறென்ன தோன்றும்? அவள் காலில் மெட்டி இல்லாததைக் கவனிக்கவில்லையோ, தாலி சேலைக்குள் இருக்கும் என்று நினைத்தாரோ, யார் கண்டது. அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“யம்மா, ஆடிக்குப் பிரிச்சு வச்சிருக்காங்களாக்கும்... வீட்டுக்குத் தெரியாம ரெண்டு பேரும் சாமான் வாங்க வந்துட்டீங்க. பயப்படாத தாயி, நான் யாருட்டயும் மூச்சு விட மாட்டேன்.”

முத்துவடிவுக்குக் குப்பென்று வேர்த்தது. ஐயோ பாய், அப்படி இல்லை... அவர் யாரோ, நான் யாரோ... இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாயைத் திறந்தாள். அங்கே மூலையில் ஆவுடையப்பன் நாற்காலி ஒன்றைப் பிரித்துப் போட்டு, கையால் துடைத்து, அதை மட்டும் காலியாக விட்டுவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டிருந்தான். திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது. நல்லவேளை, அவனுக்கு இது கேட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டாள். மீரான் பாய் விலாசம் கேட்டார், தன் வீட்டு விலாசத்தைச் சொன்னாள். திரும்பிப் பார்த்தபோது அவன் பணத்தைக் கட்டிவிட்டு, வாசலில் வண்டிக்கார மாடனுடைய காளையின் குளம்பைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று ராத்திரி அவளுக்குத் தூக்கம் எங்கே வந்தது... கண்ணை மூடினால் மடக்கு மேசை விரிந்துகொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சோபாவுக்கு முன்னால் அப்பா வந்துவிட்டார். குடையை மடக்கிச் சாத்திவிட்டு அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது, நின்ற இடத்திலேயே முடிந்துவிட்டது. பாயைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். முழங்கால் வலிக்காரர் உட்கார இடமில்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முத்துவடிவு ஜன்னலுக்கும் வாசலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தாள். கடைசியில் கீழே மணிச்சத்தம் கேட்டது. மாடன் வண்டிதான்.

சோபா மேலே ஏறியது. வாசலில் ஒருதரம் முட்டி, ஒருக்களித்து, உள்ளே வந்து, அவள் போட்ட முழம் பொய்யாகாமல் சுவரோடு கச்சிதமாக உட்கார்ந்தது. முத்துவடிவுக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. இருக்கையை இழுத்துக் காட்டினாள், மடக்கிக் காட்டினாள். ஏட்டையாவின் மீசை லேசாக அசைந்தது. அவர் மீசை அசைந்தால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். ஜெயித்தாயிற்று...

அப்போதுதான் மாடன் மடக்கு மேசையோடு உள்ளே நுழைந்தான்.

அது எங்களுடையது இல்லை என்று அவள் பதறினாள். பாய் இரண்டையும் ஒரே வீட்டில் இறக்கச் சொன்னதாக மாடன் அடித்துச் சொன்னான். யாரிடமும் மூச்சு விட மாட்டேன் என்ற பாய், அவனிடம் மட்டும் விட்டிருந்தார். பிறகு, பெரியவர் முகம் மாறுவதைப் பார்த்து, இவர்தான் ஜோடியைப் பிரித்து வைத்த ஆள் என்று அவனாகவே முடிவு கட்டிக்கொண்டான். நல்லது செய்வதாக நினைத்து அவர் பக்கத்தில் போனான்.

“அண்ணாச்சி, ஆடின்னு பிரிச்சு வச்சா சிறுசுக மனசு கேக்குமா? ஒளிஞ்சு ஒளிஞ்சு வந்து சாமான் வாங்கிருக்காவ. கண்டும் காணாம விட்டுருங்க. உங்க மருமவன் தங்கமான மனுசன். என் காளைக்கு வைத்தியம் பாத்துட்டு ஒத்தப் பைசா வாங்கல.”

“எந்த மருமவன்?” என்றார் ஏட்டையா.

அந்த நேரம் பார்த்து மாடிப்படியில் செருப்புச் சத்தம். கடையில் விசாரித்துக்கொண்டு, மேசையைத் தேடி, ஆவுடையப்பன் வாசலில் வந்து நின்றான். மாடன் முகமெல்லாம் பல்லாக, இதோ வந்துட்டாகளே என்று சொல்லிவிட்டு வண்டியைப் பார்க்க இறங்கிப் போனான்.

ஆடிக் காற்றில் அம்மியே பறக்குமாம். முத்துவடிவின் வேலை, வீடு, சோபா எல்லாம் அந்த நிமிஷம் பறந்துகொண்டிருந்தன.

ஏட்டையா சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஸ்டேஷனில் கேட்பது போல ஒவ்வொன்றாகக் கேட்டார். நீர் யார், எந்த ஊர், யார் மகன், என் மகளை எத்தனை நாளாகத் தெரியும். ஆவுடையப்பன் நின்றபடி எல்லாவற்றுக்கும் நேராகப் பதில் சொன்னான். நேற்றுத்தான் பார்த்தேன், அதுவும் கடையில்தான் என்றான். கடைக்காரர் தப்பாக நினைத்துக்கொண்டார் என்றான்.

“அவரு நெனைச்சாரு, சரி. இல்லைன்னு சொல்ல உங்க ரெண்டு பேருக்கும் வாய் இல்லையா?”

ஆவுடையப்பன் முத்துவடிவைப் பார்க்கவே இல்லை. “உங்க மகளுக்கு எதுவும் தெரியாதுங்க ஐயா. அவங்க காதுல அது விழல. பாய் பேசினது எனக்கு மட்டும்தான் கேட்டுச்சு. நான்தான் சொல்லாம விட்டேன். தப்பு என்னோடது” என்றான்.

அவனுக்கும் கேட்டிருக்கிறது... கேட்டும் இல்லையென்று சொல்லாமல் இருந்திருக்கிறான். இப்போது அவளுக்காகப் பொய்யும் சொல்கிறான். ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். அப்பா நம்பிவிடுவார். வேலை தங்கும், வீடு தங்கும். அவன் மேசையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போய்விடுவான்... போயே போய்விடுவான்.

அப்பா அவள் பக்கம் திரும்பினார்.

“எனக்கும் கேட்டுச்சுப்பா” என்றாள் முத்துவடிவு.

“கேட்டும்?”

“இல்லைன்னு சொல்ல வாயைத் தொறந்தேன்... மனசு வரலப்பா.” கண்ணில் நீர் முட்டியது. துடைக்காமலே பேசினாள். “வீட்டைக் காலி பண்ணச் சொன்னாலும் சரி, உங்க கூட வாறேன். ஆனா கேக்கலைன்னு மட்டும் என்னால சொல்ல முடியாது.”

ஆவுடையப்பன் இப்போது அவளைப் பார்த்தான். பார்த்தான் என்றால்... அந்தப் பார்வையில் அவன் இதுவரை பூட்டி வைத்திருந்த அத்தனையும் வெளியே வந்துவிட்டது. “ஐயா, இன்னொன்னும் சொல்லிருதேன். மேசையை எங்க இறக்கணும்னு நான் கடையில சொல்லவே இல்லை. அட்ரஸ் கொடுக்காமத்தான் வந்தேன். இங்கதான் வரும்னு தெரியும்.”

ஏட்டையா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல சோபாவில் உட்கார்ந்தார். ரெக்ஸின் புஸ்ஸென்று மூச்சு விட்டது.

“இத்தனை வருசம் சர்வீஸ் பாத்துருக்கேன்” என்றார். “அடுத்தவங்களைத் தப்ப விடணும்னு ரெண்டு பேரும் போட்டி போட்டுக்கிட்டுக் குத்தத்தை ஒத்துக்கிட்ட கேஸை இப்பத்தான் பாக்கேன்.”

பிறகு ஆவுடையப்பன் பக்கம் திரும்பினார்.

“ஆவணி பொறக்கட்டும். உங்க அப்பாவைக் கூட்டிக்கிட்டு வடகரைக்கு வாரும், பேசுவோம். அதுவரைக்கும் நீரு இந்தப் படி ஏறப்படாது. ஊரு உங்களைப் புருசன் பொஞ்சாதின்னு நெனைச்சாச்சு, அப்ப ஆடிக்குப் பிரிஞ்சுதான் இருக்கணும். என்ன?”

“சரிங்க மாம... ஐயா” என்றான் ஆவுடையப்பன்.

சந்தோஷத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் அவன் மேசையைத் தூக்கப் போனான். அது கிடக்கட்டும் என்று ஏட்டையா கையைக் காட்டினார். பிறகு மகளிடம், தனக்கு ஒரு காப்பி போடச் சொல்லிவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு சோபாவில் சாய்ந்தார். காப்பி போட அடுப்படிக்குப் போக வேண்டியவள் வாசலுக்குப் போனாள்.

அவன் இரண்டு படி இறங்கி நின்றிருந்தான். திறந்த ஜன்னல் வழியாகச் சாரல் அவன் தோளில் விழுந்துகொண்டிருந்தது.

“முத்துவடிவு...” குரல் மிக மெல்ல வந்தது. “ஆவணி வரைக்கும் என்னால தாங்க முடியாது. அதான் இப்பவே சொல்லிட்டுப் போறேன். உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு.”

அவள் கன்னம் சுட்டது. கதவின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு, அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள். “எனக்கும்...”

உள்ளே சோபா புஸ்ஸென்றது.

“எனக்கும் கேட்டுச்சு” என்றார் ஏட்டையா. “ஆடி முடியட்டும்.”