எட்டு டப்பாக்களும் ஒரு ஸ்தோத்திர நோட்டும்

டிசம்பர் மாதம் பிறப்பதற்கு முன்பே டிசம்பர் வேலையை முடித்துவிட்டவள், பொன்மலையிலேயே ஷெரின் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

நவம்பர் கடைசி ஞாயிறன்று சண்டே ஸ்கூலில் ஜோதி டீச்சர் ஆளுக்கொரு நோட்டு கொடுத்தார்.

"இது ஸ்தோத்திர நோட்டு. டிசம்பர் ஒண்ணாம் தேதியிலேருந்து தினமும் ஒரு வரி. அன்னிக்கு எதுக்காக ஆண்டவருக்கு நன்றி சொல்லணுமோ, அதை எழுதணும். இருபத்து நாலாம் தேதி சாயங்கால ஆராதனையில எல்லாரும் வாசிக்கணும். எந்தெந்தத் தேதின்னு நான்தான் சொல்லுவேன்."

ஷெரின் ஐந்தாம் வகுப்பு. அரையாண்டுத் தேர்வு வேறு பக்கத்தில் வந்துவிட்டது. தினமும் யார் உட்கார்ந்து எழுதுவது? கிறிஸ்துமஸ் வருஷா வருஷம் ஒரே மாதிரிதானே வருகிறது! அன்று மாலையே பேனாவை எடுத்தாள். டம்ளரில் இருந்த பால் ஆறுவதற்குள் இருபத்து நான்கு நாளுக்கும் நன்றி சொல்லி முடித்துவிட்டாள்.

'டிசம்பர் 16: தையல்காரர் புது கவுனைக் கொடுத்தார். ஸ்தோத்திரம்.'

'டிசம்பர் 18: வீடு முழுக்க ஒட்டடை அடித்து முடித்தோம். ஸ்தோத்திரம்.'

'டிசம்பர் 23: அம்மா அச்சு முறுக்கு சுட்டார். எட்டு டப்பாவும் நிறைந்தன. ஸ்தோத்திரம்.'

டிசம்பர் அந்த நோட்டைப் படித்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது. பதினாறாம் தேதி தையல்காரர், "நாளைக்கு வா பாப்பா" என்றார். பதினேழாம் தேதியும் அதையேதான் சொன்னார். பதினெட்டாம் தேதி, ஒட்டடைக் குச்சியோடு ஸ்டூலில் ஏறிய அம்மா எமிலி, ஸ்டூலோடு சாய்ந்தார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. முழங்கை வரை மாவுக்கட்டு.

"ஆறு வாரத்துக்கு இந்தக் கையில ஒரு வேலையும் செய்யக் கூடாது" என்றார் டாக்டர்.

எமிலி கையைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அலமாரியைத்தான் பார்த்தார். அங்கே எட்டு எவர்சில்வர் டப்பாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

அவை எமிலியின் டப்பாக்கள் அல்ல. அந்த ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசையில் இருந்த எட்டு வீட்டு டப்பாக்கள். ரம்ஜானுக்கும் தீபாவளிக்கும் பலகாரத்தோடு வந்தவை. அந்த வரிசையில் எந்த டப்பாவும் காலியாகத் திரும்பிப் போனதில்லை. கிறிஸ்துமஸுக்கு எமிலியின் அச்சு முறுக்கோடுதான் போகும். பக்கத்து வீட்டு அனுசுயா ஆன்ட்டிக்கு முட்டை ஆகாது. அதனால் அவருடைய டப்பாவுக்கு மட்டும் முட்டை சேர்க்காமல் முதலில் சுட்டுவிடுவார். பன்னிரண்டு வருஷமாக இதுதான் வழக்கம்.

மறுநாள் அனுசுயா ஆன்ட்டி பார்க்க வந்தார். "பலகாரத்துக்கு என்ன பண்ணப் போறீங்க எமிலி? நான் ஏதாவது செய்யட்டுமா?"

"அதெல்லாம் முடிச்சாச்சுங்க" என்றார் எமிலி, சிரித்த முகமாக.

ஷெரினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆன்ட்டி போனதும் கேட்டாள். "எங்கம்மா முடிச்சோம்?"

"சும்மா இரு. அவங்க விடிஞ்சா ஸ்ரீரங்கத்துக்குப் போறவங்க. கடைசி வீட்டு ரஹ்மான் அண்ணனுக்கு நைட் ஷிப்ட். அவங்கவங்களுக்கு ஆயிரம் வேலை. இதுல நாம வேறயா?"

"அப்போ கடையில வாங்கிடலாமா?"

"அவங்க கையால செஞ்சு கொடுத்தனுப்பின டப்பா அது. அதுல கடை முறுக்கைப் போடவா? இதை யார்கிட்டயாவது சொன்னே, பாரு! வாயைத் திறக்கக் கூடாது."

ஷெரின் வாயை மூடிக்கொண்டாள். அவளுக்கு அது லேசான வேலை இல்லை.

இருபத்திரண்டாம் தேதி எமிலி இடது கையால் அடுப்பைப் பற்ற வைத்தார். எண்ணெய் காய்ந்தது. அச்சை மாவில் முக்கி எண்ணெயில் வைத்ததும் கை நழுவியது. அச்சு தொப்பென்று உள்ளே விழ, கொதிக்கும் எண்ணெய் அவர் காலடியில் தெறித்தது. நல்லவேளை, ஒரு விரற்கடை தள்ளி.

எமிலி அடுப்பை அணைத்தார். தரையில் உட்கார்ந்து அழுதார். முறுக்குக்காக அம்மா அழுது ஷெரின் பார்த்ததே இல்லை.

அன்று மாலை நோட்டைத் திறந்தாள். 'எட்டு டப்பாவும் நிறைந்தன' என்று அவளே அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள். அதற்கு நன்றியும் சொல்லியாயிற்று. ஆண்டவர் இதைப் படித்தால் என்ன நினைப்பார்?

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நடக்காததை நடந்ததாகச் சொன்னது அவள் மட்டும் இல்லை. அம்மாவும்தான்.

மறுநாள் காலை அனுசுயா ஆன்ட்டியின் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள். ஆன்ட்டி ஸ்ரீரங்கத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"இந்தாங்க ஆன்ட்டி, உங்க டப்பா."

ஆன்ட்டி திறந்து பார்த்தார். "என்னடி, காலியா இருக்கு?"

"எட்டும் காலிதான் ஆன்ட்டி. எப்படியும் நடந்துடும்னு நெனச்சு, முடிச்சாச்சுன்னு அம்மா முன்கூட்டியே சொல்லிட்டாங்க. நானும் நோட்டுல அப்படித்தான் எழுதி வச்சிருக்கேன். நேத்து எண்ணெய் அம்மா கால்ல கொட்டியிருக்கும். எனக்குப் பயமா இருக்கு."

ஆன்ட்டி தோள் பையைக் கழற்றி வைத்தார். "எனக்கு அச்சு முறுக்கு சுடத் தெரியாதே."

"அம்மாவுக்கு நல்லாத் தெரியும். கைதான் இல்ல. உங்களுக்குக் கை இருக்கு."

ஆன்ட்டி விழுந்து விழுந்து சிரித்தார். "பெருமாளை நாளைக்கு சேவிச்சுக்கறேன். அவர் எங்கேயும் போயிட மாட்டார். நீ போய் ரஹ்மானைக் கூப்பிடு. பெரிய வாணலி அவர் வீட்டுலதான் இருக்கு."

முஜிபுர் ரஹ்மான் மாமா நைட் ஷிப்ட் முடித்து அப்போதுதான் பைக்கை நிறுத்தினார். விஷயத்தைக் கேட்டதும் தலையைச் சொறிந்தார். "தூக்கம் வருது பாப்பா. சரி, தூங்கி என்னத்தைக் கண்டேன்" என்று வாணலியோடு வந்துவிட்டார்.

வாசலில் இருவரையும் பார்த்த எமிலி மகளை முறைத்தார். "உன்னை யாரு சொல்லச் சொன்னா?"

"குழந்தையைத் திட்டாதீங்க" என்றார் அனுசுயா ஆன்ட்டி. "நீங்க முடிச்சாச்சுன்னு சொன்னீங்க இல்ல? அதை முடிக்கத்தான் வந்திருக்கோம். அதென்ன, எங்க டப்பாவை நாங்க தொடக் கூடாதா?"

எமிலி நாற்காலியைச் சமையலறை வாசலில் போட்டு உட்கார்ந்தார். இடது கையில் ஒரு கரண்டி வந்து சேர்ந்தது.

"மாவுல முட்டை இல்லையே?" என்றார் ஆன்ட்டி.

"இன்னிக்கு எட்டு டப்பாவுக்குமே முட்டை கிடையாதுங்க. அச்சை முழுசா முக்காதீங்க! முக்கால்வாசிதான்! அய்யோ, போச்சு!"

முதல் முறுக்கு அச்சை விட்டு வர மறுத்தது. இரண்டாவது பாதி வந்தது. மூன்றாவதைப் பார்த்த ரஹ்மான் மாமா, "இது என் காது மாதிரி இருக்கு" என்றார். உடைந்ததை எல்லாம் சாப்பிடும் பொறுப்பு ஷெரினுக்கு. அதில் அவள் ஒரு குறையும் வைக்கவில்லை.

பத்தாவது முறுக்கு பூவாக விரிந்து எண்ணெயில் மிதந்தது. எமிலி தன்னை மறந்து கை தட்டப் போனார். மாவுக்கட்டில் கரண்டி இடித்ததுதான் மிச்சம்.

மாலையில் வொர்க்‌ஷாப்பிலிருந்து வந்த அப்பா ஜெபராஜ், எட்டு டப்பாவும் நிறைந்திருப்பதைப் பார்த்து வாயைப் பிளந்தார். ஷெரின் ஸ்கேலையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு நோட்டின் முன்னால் உட்கார்ந்தாள்.

இருபத்து நாலாம் தேதி ஆராதனையில் அவள் முறை வந்தது.

"ஷெரின், பதினாறு, பதினெட்டு, இருபத்து மூணு" என்றார் ஜோதி டீச்சர்.

ஷெரின் எழுந்து நின்றாள். "நான் எல்லாத்தையும் முன்னாடியே எழுதிட்டேன் டீச்சர். அதனால அடிச்சுத் திருத்தியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு வாசித்தாள்.

"டிசம்பர் 16. தையல்காரர் புது கவுனைக் கொடுத்தார். அடித்துவிட்டேன். கொடுக்கவில்லை. போன வருஷத்துக் கவுன் இன்னும் எனக்கு அளவாக இருக்கிறது. ஸ்தோத்திரம்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"டிசம்பர் 18. ஒட்டடை அடித்து முடித்தோம். அடித்துவிட்டேன். முடிக்கவில்லை. அம்மா ஸ்டூலிலிருந்து விழுந்தார். கைதான் முறிந்தது. தலையில் அடிபடவில்லை. ஸ்தோத்திரம்."

ஷெரின் பக்கத்தைப் புரட்டினாள்.

"டிசம்பர் 23. அம்மா முறுக்கு சுட்டார். அதை அடித்துவிட்டேன். எட்டு டப்பாவும் நிறைந்தன. அதை அடிக்கவில்லை. அம்மா சொல்லச் சொல்ல, டப்பாக்காரர்களே வந்து சுட்டார்கள். ஸ்தோத்திரம்."

எமிலி கண்ணைத் துடைக்க வலது கையைத் தூக்கினார். மாவுக்கட்டு மூக்கில் இடித்தது. அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

கிறிஸ்துமஸ் காலையில் ஷெரின் எட்டு டப்பாக்களையும் கொண்டுபோய்க் கொடுத்தாள். அனுசுயா ஆன்ட்டி மூடியைத் திறந்து, "அடடா! இவ்வளவு அழகா யாரு சுட்டது?" என்று ஆச்சரியப்பட்டுக் காட்டினார்.

வீட்டுக்கு வந்தபோது மேஜையில் அவளுடைய நோட்டு திறந்து கிடந்தது. இருபத்து நான்காம் தேதிக்குக் கீழே புதிதாக ஒரு வரி. இடது கையால் எழுதிய எழுத்துகள் கோணல்மாணலாக இருந்தன.

'டிசம்பர் 25: வாயைத் திறக்கக் கூடாது என்று சொன்னேன். என் மகள் திறந்தாள். ஸ்தோத்திரம்.'