சொட்டுக் கறுப்பு

காலை எட்டு மணிக்கெல்லாம் தூத்துக்குடியின் புற ஊதாக் கதிர்மானி பதினெட்டைத் தொட்டுவிட்டது. அந்த வெயிலில் கால்மணி நேரம் நின்றால் போதும், குழந்தையின் தோல் வெந்துவிடும். அப்படி வெந்த தன் ஐந்து வயது மகளைத்தான் ஜெபக்கனி, மருத்துவர் மரகதவல்லியின் முன் உட்கார வைத்திருந்தாள். நிவிஷாவுக்கு இந்த ஆண்டில் இது மூன்றாவது முறை. கன்றிச் சிவந்த தோளில் யாரோ பற்பசையை வேறு அப்பியிருந்தார்கள்.

"பேஸ்ட்ட யாரு தடவுனது?"

"எங்க மாமியாருதான். குளுகுளுன்னு இருக்கும்னாவ."

மரகதவல்லி கொப்புளம் உடையாமல் பற்பசையைத் துடைத்து எடுத்து, குளிர்ந்த ஈரத்துணியைப் போட்டாள்.

"கருமைச்சொட்டு போட்டீங்களா, இல்லையா?"

ஜெபக்கனி தரையைப் பார்த்தாள்.

கருமைச்சொட்டு வந்து ஆறு வருடமாகிறது. நாக்கில் ஒரு சொட்டு விட்டால் தோலுக்குள் தூங்கும் நிறமணுக்கள் விழித்துக்கொள்ளும். மூன்றே நாளில் பிள்ளை நல்ல கறுப்பாகிவிடும், அப்புறம் பதினைந்து நாளைக்கு எந்த வெயிலும் ஒன்றும் செய்யாது. அரசாங்கம் இலவசமாகவே கொடுத்தது. தாய்மார்களும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டு போய், வாசலைத் தாண்டியதும் சாக்கடையில் ஊற்றினார்கள்.

"கறுத்துப் போனா நாளைக்கு இவள யாரு கட்டிக்கிடுவா, டாக்டர்?"

"அஞ்சு வயசுப் பிள்ளைக்கு இப்பமே மாப்பிள்ளை பாக்கீங்களா? இப்படியே வெந்துகிட்டிருந்தா பின்னால புத்துநோயே வரலாம்."

ஜெபக்கனி தலையாட்டினாள். போன இரண்டு முறையும் இப்படித்தான் ஆட்டினாள். இவர்களுக்குச் சொல்லிச் சொல்லியே மரகதவல்லிக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. அந்த எரிச்சலில்தான் பொய் ஒன்று சட்டென்று வாயில் வந்தது.

"சரி, உங்க இஷ்டம். சென்னையில பெரிய வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் இப்ப கறுப்புதான். வெளுப்பா இருந்தா, விவரமில்லாத வீட்டுப் பிள்ளைன்னு ஒதுக்குதாங்களாம்."

ஆடிக்கொண்டிருந்த தலை நின்றது. "நெசமாவா?"

மருந்து செய்யாததைப் பொய் செய்தது. ஒரே மாதத்தில் சொட்டு வாங்கும் வரிசை தெருமுனை வரை நீண்டது. கல்யாணத் தரகர்கள் 'நல்ல கறுப்பு' என்று கொட்டை எழுத்தில் எழுத ஆரம்பித்தார்கள். வெந்துபோன பிள்ளை என்று அதன்பின் ஒன்றுகூட வரவில்லை. மரகதவல்லிக்கு வெட்கமாக இல்லை, நிம்மதியாகத்தான் இருந்தது.

மறு வருடம் சித்திரையில் ஜெபக்கனி மறுபடி வந்தாள். தோளில் நிவிஷா துவண்டு கிடந்தாள். முதுகு முழுக்கக் கொப்புளம்.

"சொட்டு என்னாச்சு?" மரகதவல்லி ஏறக்குறையக் கத்தினாள்.

"நிறுத்தி ரெண்டு மாசமாச்சு, டாக்டர். சொட்டுக் கறுப்புதான் இப்ப எல்லார் வீட்டுலயும் கெடக்கே, அதுக்கு என்ன மதிப்பு? வெயில்ல தானா கறுத்த கறுப்புதான் ஒசத்தியாம். அதான் ரெண்டு நாளா மொட்டமாடியில படுக்கப் போட்டேன்."

திட்டுவதற்காக மரகதவல்லி வாயைத் திறந்தாள்.

"நீங்க மட்டும் அன்னைக்கு எடுத்துச் சொல்லலைன்னா, கறுப்போட அரும எங்களுக்கு எங்க தெரியப்போவுது?" என்றாள் ஜெபக்கனி. குரலில் கேலி இல்லை, நன்றிதான் இருந்தது.

மரகதவல்லி குழந்தையைக் கட்டிலில் குப்புறப் படுக்க வைத்தாள். நிவிஷா அழவில்லை. தலையை மட்டும் திருப்பி, "இன்னும் எத்தன நாள் படுத்தா கறுப்பாவேன், டாக்டர்?" என்று அவளிடமே கேட்டாள்.