காலியாக விட்ட குழி

காலியாக விட்டிருந்த குழியில் ஏதோ பச்சையாக மின்னியது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி மைக்ரோஸ்கோப்பில் குனிந்தாள். தட்டில் வரிசை வரிசையாகச் சிறு குழிகள். மாமியாரின் ரத்தத்திலிருந்து பிரித்து ஒளிரும் சாயம் ஏற்றிய செல்களை, குழிக்கு ஒன்றாக அவள்தான் விட்டிருந்தாள். கடைசிக் குழியை மட்டும், மற்றவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் காலியாக வைப்பது ஆய்வக வழக்கம். இப்போது அந்தக் குழியில்தான் எல்லாச் செல்களும் மழையில் நனைந்த குஞ்சுகள்போல் ஒண்டிக் கிடந்தன. மற்ற குழிகள் வெறிச்சென்றிருந்தன.

"அடடா, கூட்டுக் குடும்பமே குடியேறிடுச்சே!" என்று சிரித்தாள் கூட வேலை பார்க்கும் அக்கா. "ஏதோ கலக்கத்துல மொத்தத்தையும் ஒரே இடத்துல விட்டிருப்ப. திரும்பப் பிரிச்சு வை. நான் சாப்பிட்டுட்டு ஓடி வந்துடுறேன்."

கதவு சாத்திக்கொண்டது. வெளியே உச்சி வெயில். சாயம் மங்காமலிருக்க ஜன்னலை அடைத்த அந்த அறைக்குள் எப்போதும் இருட்டு. குளிர்பெட்டியின் முனகல், ஸ்பிரிட் வாடை, அதற்கடியில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் அத்தை பூசிக்கொண்ட தைலத்தின் வாசனை லேசாக.

பிரமை என்று தலையை உதறிக்கொண்டாள்.

தட்டைத் தூக்கி எறியவும் வழியில்லை. அத்தை போய்ச் சேர்ந்துவிட்டார். அவரிடமிருந்து மிஞ்சியது இவ்வளவுதான். அதே நோய் இப்போது அவர் மகனுக்கும், அதாவது அவள் கணவனுக்கும், வந்திருக்கிறது. எந்தச் செல் மருந்துக்கு அடங்காமல் தப்புகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் அவனுக்கு என்ன மருந்து என்று முடிவாகும். தனித்தனியாக வைத்தே ஆக வேண்டும்.

"என்னைத் தனியா மட்டும் விட்டுடாதம்மா." அவளுடைய ஆள்காட்டி விரலைக் குழந்தைபோல் இறுகப் பிடித்துக்கொண்டு அத்தை கேட்டது அது ஒன்றுதான்.

"விட மாட்டேன், அத்தை" என்று அன்றைக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

கடவுளை நினைத்துக்கொண்டு, மெல்லிய குழலால் ஒவ்வொரு செல்லையும் உறிஞ்சி, பழையபடி குழிக்கு ஒன்றாக விட்டாள். மூடியை மூடினாள். ஒருமுறை கண்ணிமைத்துவிட்டுப் பார்த்தாள்.

கடைசிக் குழி. எல்லாம் அங்கே.

அவள் இடப்பக்கம் நகர்ந்தாள். மைக்ரோஸ்கோப்போடு இணைந்த திரையில் பச்சைப் புள்ளிகளும் குழியின் இடப்பக்கச் சுவரில் மோதின. வலப்பக்கம் வந்தாள். அவையும் வந்தன.

கதவை நோக்கி ஓரடி வைத்தாள். ஆனாலும், பயந்து கிடப்பவர்களுக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னால் எந்த இருட்டும் கொஞ்சம் விலகும் என்று நம்புகிறவள் அவள். ஒருவேளை இங்கே தன்னைவிடப் பயந்து கிடப்பது அந்தக் குழிக்குள் இருப்பதுதானோ? ஆள்காட்டி விரலை மூடிமேல் வைத்தாள்.

"நான் இங்கதான் இருக்கேன், அத்தை. எங்கயும் போகல."

புள்ளிகள் அசைவற்று நின்றன. மனம் லேசானது. வார்த்தை வீண்போகவில்லை என்று பெருமூச்சு விட்டபடி திரையைப் பார்த்தாள்.

கடைசிக் குழி காலி.

முதல் குழி. காலி. நடுக் குழிகள். எல்லாமே காலி.

மூடி திறக்கவில்லை. கையுறை கிழியவில்லை.

மைக்ரோஸ்கோப்பின் நீல வெளிச்சத்தில் அவள் விரல் இன்னும் மூடிமேல்தான் இருந்தது. கையுறையை உருவினாள்.

ஆள்காட்டி விரலில், தோலுக்கு அடியில், பச்சைப் புள்ளிகள். விரலைச் சுற்றி நான்கு கோடுகளாக. எதிர்ப்பக்கம் கட்டைவிரல்போல் ஒன்று.

பிடி மெல்ல இறுகியது.