திரும்பி உட்கார்ந்த விமானி

விமானி திரும்பி உட்கார்ந்திருந்தான்.

அர்ச்சுனன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்து பார்த்தான். அரை விரல் உயரம்கூட இல்லாத அந்தப் பிளாஸ்டிக் மனிதனை நேற்று சாயங்காலம் அவன்தான் இடுக்கியால் பிடித்து, இருக்கையில் ஒரு சொட்டுப் பசை வைத்து, முகம் முன்பக்கம் பார்க்க உட்கார வைத்தான். அதன்மேல் கண்ணாடிக் கூரையையும் ஒட்டி மூடினான். கூரை இப்போதும் ஒட்டியபடியே இருந்தது. விளிம்பில் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே விமானி மட்டும் வால்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, என் மேசையத் தொட்டியா?"

அடுப்படியிலிருந்து பஞ்சாலை குரல் கொடுத்தாள். "நான் ஏன்லா அதத் தொடப்போறேன்? உன் விளையாட்டுச் சாமான் எனக்கு எதுக்கு?"

பகா டவுனிலிருந்து எட்டு மைல் உள்ளே இருந்த அந்தத் தோட்டத்தில் அர்ச்சுனன் டிரஸ்ஸராக வேலை பார்த்தான். காய்ச்சலுக்கு மாத்திரை, வெட்டுக்காயத்துக்குத் தையல், பிள்ளைகளுக்கு ஊசி. இரண்டு மணிக்கு மருந்தகத்தை மூடினால் அதன்பின் பொழுதெல்லாம் அவனுடையது. நாற்பது வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவும் அப்பாவும் போனபின் அவனை வளர்த்துப் படிக்க வைத்த அக்கா பஞ்சாலையும் செய்துகொள்ளவில்லை. அவனுக்காகத்தான் அவள் தனியாக நின்றாள் என்று லயத்து வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும்.

பழைய பிளாஸ்டிக் விமானங்களைப் பெட்டியோடு வாங்கி ஒட்டிச் சேர்ப்பது அவன் பொழுதுபோக்கு. துண்டுகள் ஒட்டி வரும் சட்டத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கத்தியால் பிரித்து, பிசிறு சீவி, உப்புத்தாளால் தேய்த்து, ஒட்டி, காயவைத்து, வர்ணம் பூச வேண்டும். குவார்ட்டர்சின் கடைசி அறை முன்பு மருந்துக் கிடங்காக இருந்தது. அதன் தட்டுகளில் இப்போது முப்பது விமானங்கள் நின்றன. எல்லாமே இந்த ஒன்று கிடைக்காத குறைக்குச் செய்தவை. தண்ணீரில் இறங்கும், நான்கு எஞ்சின் வைத்த கடல் விமானம். போன மாதம் சிரம்பானில் மூடப்போகும் ஒரு சீனர் கடையில், மேல்தட்டில், தூசி படிந்த பெட்டியில் அதன் படத்தைப் பார்த்ததும் விலைகூடக் கேட்காமல் வாங்கினான். அதே பெட்டி. இருபத்தொன்பது வருடம் கழித்து.

ஐம்பத்தேழில் அவனுக்குப் பதினொரு வயது. துரையின் மகன் சீமைக்குத் திரும்பும்போது குப்பையில் போட்ட பெட்டியை அவனும் தங்கராஜுவும் எடுத்து வந்தார்கள். தங்கராஜு பக்கத்து வீட்டுப் பையன், தன் சித்தப்பாவின் அடி உதையில் வளர்ந்தவன். பசைக் குழாய் பெட்டியில் இல்லை. தங்கராஜுதான் சிரட்டையில் ரப்பர் பாலை வழித்து வந்து, அதையே பசையாக்கினான். ஒரு மாதம் ஆயிற்று. இரண்டு பேருக்கும் பொது என்று அடித்துச் சத்தியம் செய்தார்கள். விமானியை மட்டும் தங்கராஜு திருப்பி உட்கார வைத்தான்.

"பின்னால யாரு வர்றான்னு பாக்க வேணாமா?" என்றான்.

விமானத்தை ஒட்டி முடித்த மறுநாள் தங்கராஜுவையும் காணோம், விமானத்தையும் காணோம். "தூக்கிட்டு லாரி ஏறி ஓடிட்டான்லா, என் கண்ணால பாத்தேன்" என்று அக்கா சொன்னாள். சித்தப்பா இரண்டு நாள் தேடினார். அப்புறம் குடித்தார். அர்ச்சுனன் எட்டு நாள் அழுதான். அதன்பின் யாரையும் அவன் நண்பன் என்று சொன்னதில்லை.

மேசைமேல் திரும்பி உட்கார்ந்திருந்த விமானியை அந்தத் திங்கட்கிழமை அவன் தொடவில்லை. பசை காய்வதற்குள் தானாக நகர்ந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை மருந்தகத்திலிருந்து வந்தபோது வலது இறக்கை ஒட்டியிருந்தது. அவன் ஒட்டவில்லை. இறக்கை சற்றே மேல்நோக்கி, பொறுமையில்லாத கை அழுத்திப் பிடித்ததுபோல் கோணலாக நின்றது. பொருத்திலிருந்து ஏதோ வழிந்து, பழுப்பு நிறத்தில் காய்ந்திருந்தது. நகத்தால் இழுத்தான். மெல்லிய நூலாக நீண்டு, அறுந்து, சுருண்டது. மூக்கருகில் கொண்டு போனான். புளித்த, அழுகிய, சிறுவயதில் உடுப்பிலிருந்தும் தலைமுடியிலிருந்தும் போகாத அந்த வாடை.

ரப்பர் பால்.

சன்னலுக்கு வெளியே கண்ணுக்கெட்டிய மட்டும் செம்பனை. தோட்டத்தில் கடைசி ரப்பர் மரத்தை வெட்டிப் பத்து வருடம் ஆகிறது.

அவன் அதை அக்காவிடம் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தான். தினமும் மூன்று மணிக்குப் பின்கட்டுப் படியில் அவள் ஒரு குவளை பால் சேர்க்காத தே-ஓ வைப்பாள், சீனி தூக்கலாக. காக்காய்க்கு என்பாள். அவன் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே வைக்கிறாள். அன்று படியில் குவளை இல்லை. கழுவி, கவிழ்த்து, அலமாரியின் உள்ளே வைக்கப்பட்டிருந்தது.

"காக்காய்க்கு இன்னைக்கு இல்லையாக்கா?"

"போதும்லா" என்றாள் அவள், அவன் முகத்தைப் பார்க்காமல். "எவ்வளவு நாளைக்குத்தான் வைக்கிறது."

புதன்கிழமை மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் இடைவிடாமல் கொட்டும் சத்தத்தில் லயமே ஓய்ந்து படுத்துவிட்ட அந்த மூன்று மணிக்கு அவன் அறைக் கதவைத் திறந்தபோது, மழையின் ஈர வாடைக்கும் வர்ணத்தின் வாடைக்கும் அடியில் இன்னொன்று, கனமாக, இனிப்பும் கசப்புமாக, தொண்டையின் பின்பக்கம் ஒட்டுவதாக, நின்றுகொண்டிருந்தது. அவனுக்கு உடனே தெரிந்தது. புகைவீட்டு வாடை. ரப்பர் ஷீட்டுகளை மூங்கிலில் தொங்கப்போட்டு, கீழே விறகு மூட்டி, கதவை அடைத்து நாள்கணக்கில் புகை காட்டும் அந்த உயரமான செங்கல் கட்டடம் இடிந்து ஆற்றங்கரையில் பாழாய்க் கிடக்கிறது. பதினேழு வயதில் அக்கா அங்கேதான் தீ தள்ளும் வேலை பார்த்தாள்.

விமானத்தின் நான்கு எஞ்சின்களும் ஒட்டப்பட்டிருந்தன. வெள்ளை இறக்கையின்மேல் கரி படிந்த விரல் ரேகைகள். அவன் தன் கட்டைவிரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அவன் விரலில் பாதி.

பயத்துக்கு முன்னால் கோபம் வந்தது. அதுதான் அவனுக்கே வியப்பாக இருந்தது.

"திருடிட்டுப் போனியே" என்றான் வெற்று அறையைப் பார்த்து, குரல் உடைய. "இப்ப ஏன்டா வந்த?"

மழை கொட்டியது. மேசைக்கு அடியில், மிகப் பக்கத்தில், ஒரு துண்டைச் சட்டத்திலிருந்து திருகி உடைக்கும் சின்னச் சத்தம் கேட்டது.

டக்.

அவன் குனிந்து பார்க்கவில்லை. பின்பக்கமாகவே நடந்து, கதவைத் தாண்டி, கூடத்துச் சுவரில் முதுகு இடிக்கும்வரை நடந்தான். சத்தம் தொடர்ந்தது. டக். டக். அவசரமில்லாமல். விளையாட்டில் மூழ்கிப்போன பிள்ளையின் நிதானத்தோடு. இடையிடையே ஒரு மூச்சு. அது இழுத்து, அடைத்து, கொஞ்சம் நின்று, மறுபடி இழுத்தது. டிரஸ்ஸர் வேலையில் அந்த மூச்சை அவன் கேட்டிருக்கிறான். புகை அடைத்த நெஞ்சின் மூச்சு.

அன்று அவன் கூடத்தில் படுத்தான். தூங்கவில்லை. தங்கராஜு லாரியில் ஏறவில்லை என்பது விடிவதற்குள் அவனுக்குப் புரிந்துவிட்டது. ஏறியதைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னவள் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தாள். அவளும் தூங்கவில்லை. பாய் சரசரக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு அவன் அந்த அறைக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்தான். விமானத்தைக் கையில் எடுத்தான். வெளியே கொண்டுபோய் ஆற்றில் எறிந்துவிடுவதென்று தீர்மானித்திருந்தான். எடுத்ததும் முடியவில்லை. அது சூடாக இருந்தது, காய்ச்சல்காரனின் நெற்றிபோல.

வாசலில் பஞ்சாலை வந்து நின்றாள். வெளியே போகும் சேலை. கையில் குடை, துணிப்பை.

"எங்கக்கா கிளம்பிட்ட, இந்த மழையில?"

"பகாவுக்கு. கூட்டாளி தாயம்மா வீட்டுல கொஞ்ச நாளைக்கு இருந்துட்டு வர்றேன்."

"தங்கராஜுவுக்கு என்னா ஆச்சுக்கா?"

அவள் திடுக்கிடவில்லை. பையைத் தரையில் வைத்தாள். நாற்பத்தாறு வயதுக்கு அவள் முகம் மிகவும் கிழடுதட்டியிருப்பதை அவன் அப்போதுதான் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"அந்தப் பால் காயலன்னு விமானத்தச் சூட்டுல காய வைக்கப் புகைவீட்டுக்குள்ள கொண்டுபோயிருக்கான். எனக்குத் தெரியாது தம்பி. சத்தியமா தெரியாது. நான் கதவ அடச்சு, தாழ்ப்பாப் போட்டுத் தீயத் தள்ளிட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சுத் தட்டுறான். அப்ப என் பக்கத்துல வேலைய மேய்க்கிற மண்டோர் நிக்கிறாரு."

"தொறந்திருக்கலாமே."

"பிள்ளைங்கள உள்ள விட்டேன்னு வேலைய விட்டுத் தூக்கியிருப்பாங்க. வீடும் போயிருக்கும். உன்னத் தூக்கிட்டு எங்க போறது? எலிங்க அய்யான்னு சொன்னேன். அவரு போறதுக்கு ரொம்ப நேரம் ஆயிடுச்சு." நிறுத்தினாள். "அதுக்கப்புறம் நான் என்னா செஞ்சேன்னு கேக்காத."

அவன் விமானத்தை மேசையில் வைத்தான். இருபத்தொன்பது வருடம் ஒரு செத்த பிள்ளையைத் திருடன் என்று வெறுத்திருக்கிறான். அவளே சொல்லிக்கொடுத்த வெறுப்பு.

"அன்னையிலேர்ந்து வர்றான்" என்றாள். "தினமும் மூணு மணிக்கு. பின்னால படியிலதான் நிப்பான். தே-ஓ வச்சா குடிச்சிட்டுப் போயிடுவான். நீ அந்தப் பெட்டியக் கொண்டாந்தியே, அன்னைக்கு உள்ள வந்துட்டான். என் பாய்க்குப் பக்கத்துல உக்காந்துக்கிறான். யாரு தாழ்ப்பாப் போட்டது, யாரு தாழ்ப்பாப் போட்டதுன்னு கேட்டுக்கிட்டே இருக்கான். அவனுக்குத் தெரியாதுலா. உள்ள இருந்தவனுக்கு எப்படித் தெரியும்?"

"நீ என்னா சொன்ன?"

அவள் பையை எடுத்துக்கொண்டாள்.

"அக்கா. நீ என்னா சொன்ன?"

"உன்ன வளத்தேன். படிக்க வச்சேன். எனக்குன்னு ஒண்ணும் வச்சுக்கல." அவள் குரலில் கெஞ்சல்கூட இல்லை, களைப்பு மட்டும் இருந்தது. "என்னால முடியல தம்பி. உன் பேரச் சொல்லிட்டேன்."

கதவைச் சாத்தினாள். அவன் எழுவதற்குள் வெளியே இரும்பு உரசிய சத்தம். மருந்துக் கிடங்கின் தாழ்ப்பாள், எப்போதுமே வெளிப்பக்கம்தான்.

"அக்கா!"

உள்ளங்கையால் அறைந்தான். முட்டியால் இடித்தான். காலடிச் சத்தம் கூடத்தில் ஒரு முறை நின்றது. நின்றே இருந்தது. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவனுக்கு அது நன்றாகத் தெரிந்தது.

பிறகு நடந்தாள்.

அவன் சன்னலுக்கு ஓடினான். கம்பிகளுக்கு அப்பால், கண்ணாடிக்கு அப்பால், செம்மண் சாலையில் கருங்குடை போய்க்கொண்டிருந்தது. வேகமாகக்கூட இல்லை. பஸ்ஸுக்கு நேரம் இருப்பவளின் நடை. திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தான். இந்த வளைவில் பார்ப்பாள். அந்தச் செம்பனை தாண்டினால் பார்ப்பாள்.

பார்க்கவில்லை.

அறையில் மழைச் சத்தம் மங்கியது. கூரையில் மழை கொட்டிக்கொண்டுதான் இருந்தது. அவன் காதுக்கு மட்டும் தூரமாகிவிட்டது. கண் எரிந்தது. தரைப்பலகையின் இடுக்குகளிலிருந்து சாம்பல் நிறத்தில் ஏதோ கசிந்து கணுக்காலைச் சுற்றியது.

பின்னால் நாற்காலி நகர்ந்தது.

அவன் திரும்பவில்லை. குடை ஒரு கரும்புள்ளியாகும்வரை கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே நின்றான். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்வரை பின்னால் பார்க்க வேண்டியதில்லை.

அப்போது கண்ணாடியின் அடிவிளிம்பில், அவன் இடுப்பு உயரத்தில், உள்பக்கம், ஒரு சின்னக் கைத்தடம் விழுந்தது. கரித்தடம். ஐந்து விரலும் விரிந்து. அதற்கு மேல் இன்னொன்று. நெஞ்சளவில் இன்னொன்று. சுவரைப் பிடித்து ஏறும் பிள்ளைபோல, இடமும் வலமுமாக, ஒவ்வொன்றாக. புகையில் மேலே காற்றுத் தேடி ஏறுபவன்போல.

கழுத்தளவில்.

வாயளவில்.

அடுத்த தடம் கண்ணாடியில் விழவில்லை. அவன் கன்னத்தில் விழுந்தது. சூடாக. மெதுவாக அழுத்தி, முகத்தைத் தன் பக்கம் திருப்பியது.