பேரளம் வண்டிக்கு இரண்டு டிக்கெட்

கை மாறியதும் அல்லி அழுகையை நிறுத்திவிட்டாள். எட்டு மாதக் குழந்தை, பெற்ற அப்பன் தூக்கினாலே ஊரைக் கூட்டுகிறவள், முன்பின் தெரியாத ஒருத்தியின் மடியில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது தாய் தையல்நாயகிக்கு ஆச்சரியமாக இருந்தது. காரைக்காலிலேயே பேருந்து பிதுங்கி வழிந்தது. நிற்கிற தாய், உட்கார்ந்திருப்பவரிடம் பிள்ளையைக் கொடுப்பது இந்தப் பக்கம் வழக்கம்தான். பெயர்கூட யாரும் கேட்பதில்லை.

"குடும்மா, நான் வச்சுக்குறேன்" என்று பின்வாசல் பக்கத்து ஒற்றை இருக்கையிலிருந்து அவள்தான் கை நீட்டினாள். சித்திரை வெயிலிலும் அவள் புடவை நனைந்து சொட்டியது. ஈரச் சாக்கும் நிலக்கரிப் புகையும் கலந்த நாற்றம் ஒன்று அவளிடமிருந்து வந்து, கூட்டத்தின் வியர்வையையும் மீறித் தொண்டையில் ஒட்டிக்கொண்டது.

"எங்க எறங்கணும்க்கா?"

"பேரளம் ரயிலப் புடிக்கணும். ரயில்வே கேட்டுகிட்ட எறங்கிக்கிறேன்."

எந்த கேட்? ரயில் நின்று, தண்டவாளத்தையே பெயர்த்து, முப்பது வருஷத்துக்கு மேல் அங்கே கருவேலம்தான் மண்டிக்கிடந்தது. இப்போது மறுபடி பாதை போட்டு, கேட் இருந்த இடத்தில் சாலையைச் சுரங்கமாக இறக்கிவிட்டார்கள். தையல்நாயகி பிள்ளையை வாங்கக் குனிந்தாள்.

"குடுங்கக்கா, நானே வச்சுக்குறேன்."

"இருக்கட்டும். புள்ளைக்கும் சேத்து எடுத்துட்டேன்." விரித்த உள்ளங்கையில் பழைய அட்டை டிக்கெட்டுகள். இரண்டு.

பேருந்து சுரங்கத்துக்குள் இறங்கியது. வெயில் அறுந்தது. எதிரே ஏதோ வண்டி மறிக்க, ஓட்டுநர் பிரேக் போட்டார். இருட்டு. கூரையிலிருந்து நீர் சொட்டும் சத்தம்.

தையல்நாயகி கையை நீட்டினாள். இருக்கைதான் தட்டுப்பட்டது. ஈரம். வெறும் ஈரம்.

"அல்லீ!"

"என்னம்மா கத்துற?" பின்னால் நின்றவர் எரிந்து விழுந்தார். "ஈரமா கெடக்குன்னு அந்த சீட்டுல காலைலேர்ந்து ஒருத்தருமே ஒக்காரல."

அப்போது பேருந்து அதிர்ந்தது. தலைக்கு மேலே போக வேண்டிய ரயில் பக்கத்தில் ஓடியது. சுவருக்குள். சன்னல் சன்னலாக மங்கிய மஞ்சள் வெளிச்சம் கான்கிரீட்டுக்குள் நகர்ந்துபோனது. எல்லாச் சன்னலிலும் பெண்கள். எல்லா மடியிலும் ஒரு பிள்ளை.

கடைசிச் சன்னலில் அவள். அல்லியின் குட்டிக் கையைப் பிடித்து, அம்மாவுக்கு டாட்டா காட்டவைத்துக்கொண்டிருந்தாள். அல்லி சிரித்தாள்.