கோணல் வெட்டு

கழிவுக் கம்பியில் வெட்டு நேராகத்தான் விழுந்தது. மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தால் நூல் வெளிச்சம்கூடத் தெரியவில்லை. தம்பி சூர்யாவின் படகிலிருந்த இரும்பு ஷாஃப்டை வைத்தால் மட்டும், ரம்ப மெஷினின் பட்டை பிளேடு கீழே இறங்க இறங்கக் கடல் பக்கமாக ஒதுங்கியது.

மெஷினைக் குறை சொல்கிற ஆள் இல்லை அரவிந்தன். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம் என்று அடுத்த பட்டறைக்காரர்களைக் கேலி செய்கிறவன். மாமல்லபுரம் சாலையோரத்தில் ரிசார்ட்டுகளுக்கு கேட் அடித்துக் கொடுக்கும் இந்தப் பட்டறை அவனுடையது. சாயங்கால மழைக்கு முன்பே ஆட்களை அனுப்பிவிட்டிருந்தான். இந்த வேலையை அவர்கள் பார்க்க வேண்டாம்.

தம்பி சூர்யாவின் படகு கவிழ்ந்து ஆள் கிடைக்கவில்லை. யாருடைய வலையிலோ சிக்கி, படகின் விசிறியைச் சுழற்றும் இந்த ஷாஃப்ட் மட்டும் கரைக்கு வந்தது. ஊர்ப் படகுகள் தேடுவதை நிறுத்திவிட்டன. அரவிந்தனின் படகோ ஷாஃப்ட் உடைந்து கரையில் கிடக்கிறது. இதன் வளைந்த நுனியை வெட்டிவிட்டு அதில் மாட்டினால் விடிந்ததும் தேடப் போகலாம். கடலில் காணாமல் போனவன் கிடைக்கும்வரை அவன் படகு இரும்பில் ரம்பம் படக்கூடாது என்பது குப்பத்து வழக்கம். தெரிந்தேதான் வைத்தான்.

"நேரா போவுதா மாமா?" சூர்யாவின் மனைவி சங்கவி கேட்டாள். வெட்டி முடிக்காமல் நகரமாட்டேன் என்று ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"கொஞ்சம் இழுக்குதும்மா. சரி பண்ணிக்கினுதான் கீறேன்."

தகரக் கூரையில் மழை கொட்ட, மெஷினை நிறுத்தி மூடியைத் திறந்து, பிளேடின் முதுகு சக்கர விளிம்பை ஒட்டி ஓடுகிறதா என்று கையால் சுற்றிப் பார்த்து, டென்ஷனை ஏற்றி, பிளேடை நேராக ஓட்டும் இருபக்க பேரிங்குகளையும் வெட்டுமிடத்துக்கு நெருக்கமாக நகர்த்தி, அவை பிளேடைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி முடுக்கியபோதுதான், மெஷினின் அடித்தட்டில் தேங்கிய, பிளேடைக் குளிர்விக்கும் கூலண்டின் எண்ணெய் வாடை போய் ஈர வலையின் வாடை அடிப்பது அவனுக்கு உறைத்தது. ஒரு சொட்டைத் தொட்டு நாக்கில் வைத்தான். உப்புக் கரித்தது.

ஷாஃப்டைக் கொஞ்சம் உருட்டிப் புது இடத்தில் பிளேடை இறக்கினான். மறுபடியும் கடல் பக்கம்தான். நிறுத்தி, ஷாஃப்டின் மேல் கை வைத்தான். அதைக் கவ்வியிருந்த வைஸ் இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் இரும்பு அசைந்தது. தூண்டிலில் மீன் கடிப்பது போல, மறுமுனையிலிருந்து விட்டு விட்டு ஓர் இழுப்பு. வெடுக்கென்று கையை எடுத்தான்.

"வேணாம் சங்கவி. வூட்டுக்குப் போலாம் வா."

"பாதில வுட்டா எப்புடி? நாளிக்கு இன்னாத்த மாட்டிகினு போவீங்க? எல்லாரும் வுட்டுட்டாங்க, நீங்களுமா?"

எழுந்து வந்து அவளே பச்சை பட்டனை அழுத்தினாள்.

பிளேடு இறங்கியது. இந்தத் தடவை நேராக. மயிரிழைகூடப் பிசகாமல், வெண்ணெயில் போவது போலப் போனது. அவன் மூச்சு விட்டான். அடியைத் தொட்டது. வெட்டு முடிந்தது.

துண்டு விழவில்லை.

வெட்டுப்பட்ட நுனி அந்தப் பக்கம் ஒரு சாண் விலகி அந்தரத்தில் நின்றது. வெட்டு முடிந்தால் மெஷின் தானாக நிற்க வேண்டும். நிற்கவில்லை. சிவப்பு பட்டனை அடித்தான். திரும்பவும் அடித்தான். ப்ளக்கைப் பிடுங்கினான். பிளேடு ஓடியது.

தட்டுக்கு அடியிலிருந்து ஒரு கை. ஊறி வெளுத்த கை. நகம் இல்லை. துண்டை ஏந்திப் பிடித்திருந்தது.

சங்கவி சிரித்தாள். படகு கவிழ்ந்த பிறகு அவள் சிரித்து அவன் பார்த்ததில்லை.

"சங்கவி, கிட்ட போவாத!"

ஓடும் பிளேடுக்கு மேலே, அந்த இடைவெளியில், அவள் கையை நுழைத்தாள். அரவிந்தன் அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தான். பாறையை இழுப்பது போல இருந்தது.

"வுடுங்க மாமா. அவரு வந்துட்டாரு."

துண்டு விழுந்தது. ணங்.

வெறுமையான அந்தக் கை அவள் மணிக்கட்டைப் பற்றியது. பிளேடை நோக்கி, மெல்ல, கீழே இழுத்தது.