மல்லியின் வள்ளம்

பெற்றிசியாவும் பரீனாவும் சேர்ந்து ஒரு கார்ட்டூன் படம் செய்தார்கள். பரீனா கீறிய படங்களை ஒவ்வொன்றாகக் கைபேசியில் பிடித்து ஓடவிட்டபோது, மல்லி உண்மையாகவே வள்ளம் ஓட்டினாள். புயலுக்குள் அகப்பட்ட தம்பியைக் காப்பாற்றத் தனியாகப் போகிறவள் மல்லி. படம் முழுக்க ஒரு வார்த்தை பேசமாட்டாள். பேச அவளுக்கு எங்கே நேரம்?

சத்தங்கள் பெற்றிசியாவின் பொறுப்பு. தகரத்தைக் குலுக்கி இடி முழக்கினாள். தட்டில் அரிசி கொட்டி மழையை வரவழைத்தாள். வள்ளத்துக்குக் கரையில் ஓடிய எஞ்சின் ஒன்றின் சத்தத்தைக் கைபேசியில் பிடித்தாள். புயலின் ஊளைக்குத் தெருவில் நின்ற கழுதை ஒன்று சும்மாவே கத்திக் கொடுத்தது.

கீரிக் கடற்கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த மீனவர்களுக்கு முதலில் போட்டுக் காட்டினார்கள். மல்லியின் வள்ளம் ‘டுக்... டுக்... டுடுக்’ என்று புறப்பட்டது.

“உது பேதுருவின்ர வள்ளமெல்லோ” என்றார் ஒருவர், வலையிலிருந்து தலை நிமிராமலே. “இருமுது பாருங்கோ.”

“ஓம், என்ர எஞ்சின்தான்” என்றார் பேதுரு மாமா. “நான் எப்ப படத்தில நடிச்சனான்?”

எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு மல்லியை யார் பார்த்தார்கள்? “பேதுரு, கெதியாப் போ, பெடியன் தாழப்போறான்” என்று பகிடிதான்.

பெற்றிசியாவுக்கு அழுகை வந்தது. நாளைக்குப் பள்ளிக்கூட மண்டபத்தில் ஊரே பார்க்கப்போகிற படம்.

“வேற எஞ்சின் போடுவம்” என்றாள் பரீனா.

“ஊரில எல்லா எஞ்சினையும் எல்லாருக்கும் தெரியும். ஒரு மாமாவை இறக்கினா இன்னொரு மாமா ஏறுவார்.”

வாடிய முகத்தோடு வீட்டுக்கு வந்தாள். அம்மா பிரான்சிஸ்கா கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார். ஒவ்வோர் இழுப்புக்கும் கப்பி கிறீச்சிட்டது. அம்மா பல்லைக் கடித்து மூச்சை இழுத்தார். வாளி மேலே வந்ததும் ‘ஹா’ என்று விட்டார். தண்ணீர் சளக்கென்று தொட்டியில் விழுந்தது.

பெற்றிசியா அப்படியே நின்றுவிட்டாள். எவ்வளவு பலம் அந்த மூச்சில்! இத்தனை நாளும் இது காதில் விழவில்லையே.

“அம்மா, இன்னும் கொஞ்சம் அள்ளுங்கோ. உங்கட மூச்சைப் படத்துக்குப் பிடிக்கவேணும்.”

“என்ர மூச்சையோ? உனக்கென்ன விசரே?” என்றார் அம்மா. ஆனாலும் தொட்டி நிறையுமட்டும் அள்ளினார்.

பெற்றிசியா கைபேசியோடு பரீனா வீட்டுக்கு ஓடினாள். “எஞ்சினை அழிச்சுப்போட்டுத் துடுப்புக் கீறு.”

“எல்லாப் படத்திலயுமோ?”

“முதல்ல இதைக் கேள்.”

பரீனா கேட்டாள். பிறகு அழிறப்பரை எடுத்தாள்.

மறுநாள் மண்டபத்தில் இடி முழங்கியது, கழுதை ஊளையிட்டது. அதற்கு நடுவே துடுப்பு கிறீச்சிட்டது. மல்லி மூச்சை இழுத்தாள். ‘ஹா’ என்று விட்டாள். சளக் என்று அலை அடித்தது. கதைத்துக்கொண்டிருந்தவர்கள் கதையை நிறுத்தினார்கள். பின் கதிரையில் இருந்த அம்மா, தன்னை அறியாமலே மல்லியோடு சேர்ந்து மூச்சு இழுத்தார்.

தம்பியை வள்ளத்தில் ஏற்றியபோது மண்டபமே கைதட்டியது.

பேதுரு மாமா மட்டும் கண்ணை மூடிக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். கடைசியில் பெற்றிசியாவின் பக்கம் திரும்பினார்.

“பிள்ளை, இது ஆரின்ர வள்ளம்? எனக்குப் பிடிபடுதில்லையே.”

“மல்லியின்ரது, மாமா” என்றாள் பெற்றிசியா.